முக்காற்பங்குக் கல்வி: எல்லைப்புறத் தமிழர் படித்துப் பேசிய வரலாறு

கல்வி ஒருவனிடம் எவ்வாறு நிரம்புகிறது என்பதற்குப் பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் ஒரு கணக்குக் கூறுகிறார். ஆசிரியன் உரைத்ததை வழுவாது கேட்டுக் கொண்டவனுக்கும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வாரோடு கலந்து பழகுங்கால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கும் தான் அறிந்ததைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அவர் கருத்து. ஆகவே நூலொடும் ஆசானொடும் நின்றுவிடுவோர் அடைவது காற்பங்கு. படித்ததைப் பலரோடு கலந்து பேசுவோர் அதன்மேல் அடைவது முக்காற்பங்கு. வள்ளுவப் பெருந்தகையும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதவரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிட்டார்.

"இப்போது என்ன நூல் படிக்கிறீர்கள்? அது எப்படி இருக்கிறது?" என்று இரு நண்பர்கள் சந்திக்கும்போது கேட்டுக் கொள்ளும் வினா மிக எளியது. ஆயினும் அவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு. அதனை அறியத் தமிழ் வழங்கும் நிலத்தின் தென்மேற்கு மூலையில், நெய்யாற்றின்கரை, பாறசாலை, கள்ளிக்காடு முதலிய எல்லைப்புற ஊர்களைச் சூழ்ந்த பகுதி தக்கதோர் இடமாகும். பணி நிமித்தமாக ஊர் பெயர்ந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. நம் பிள்ளைகள் நாளை தமிழோடு எவ்வளவு உறவு கொண்டிருப்பர் என்னும் கவலைக்கு அதில் ஒருவாறு விடை கிடைக்கிறது.

அதங்கோட்டு ஆசான் முதலாக

அகத்தியர்மலை 1,868 மீட்டர் உயரமுடையது. தமிழ் முனிவர் வாழ்ந்த பொதியிலோடு மரபு தொடர்புபடுத்தும் அம்மலையிற் பிறந்து, கள்ளிக்காட்டைக் கடந்து, நெய்யாற்றின்கரை நகருக்குத் தன் பெயரையே தந்து, பூவாற்றின் அருகே அரபிக்கடலிற் கலக்கிறது நெய்யாறு. மலையடிவாரத்தில் அமைந்த கள்ளிக்காடு முன்னாளில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அங்கேதான் 1958ஆம் ஆண்டில் நெய்யாறு அணை திறக்கப்பட்டது. பாறசாலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. அதற்கு அண்மையில் விளவங்கோட்டு வட்டத்து அதங்கோடு.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரத்தைப் பயின்றோர் அதங்கோட்டாசானை அறிவர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அவ்வாசானுக்கு ஐயமறத் தெரித்துக் காட்டித் தொல்காப்பியர் தம் நூலை அரங்கேற்றினார் என்பது அப்பாயிரம் தரும் செய்தி. இன்றைய அதங்கோடே அவ்வாசானின் ஊர் என்று அப்பகுதி மக்கள் போற்றி வருகின்றனர். அறிஞர் பலரும் அவ்வாறே கருதுவர். நமக்குக் கிடைத்துள்ள முழுமுதல் தமிழ் நூலின் முன்னுரையே ஒரு நூலாய்வுக் கூட்டத்தின் குறிப்பாக அமைந்திருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலை இயற்றியவர் படிக்கிறார். கேட்போர் தடை விடுக்கின்றனர். விடை கிடைத்தபின்பே நூல் உலகுக்கு வருகிறது. அரங்கேற்றம் என்று நம் முன்னோர் வகுத்த இம்முறையில், அவையோர் கருத்துச் சொல்வது நூலுக்குப் பின்வரும் உபசாரம் அன்று; நூல் பிறப்பதற்கு வேண்டிய நிபந்தனை.

அதே விளவங்கோட்டுப் பகுதியில் முஞ்சிறைக்கு அருகே உள்ளது பார்த்திவபுரம். ஆய் குலத்து வேந்தன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டளவில் அங்கே திருமாலுக்குக் கோயில் எடுப்பித்து, 95 சட்டர்க்கு இடமளிக்கும் சாலை ஒன்றையும் நிறுவிய செய்தியைச் செப்பேடு தெரிவிக்கிறது. சட்டர் என்போர் அங்குத் தங்கிப் பயின்ற மாணாக்கர். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த அக்கல்விக்கூடத்தில், தம்முள் இழிசொல் வழங்குவோருக்குத் தண்டம் விதிக்கும் ஒழுங்கும் வகுக்கப்பட்டிருந்தது. வாதம் நிகழும் இடத்திலேதான் வாய்ச்சொல்லுக்கு வரம்பு வேண்டும். கருத்து மாறுபாடு இருக்கலாம், கடுஞ்சொல் ஆகாது என்னும் நாகரிகம் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே அங்கு எழுத்தில் ஏறிவிட்டது.

ஏடு வாசிப்பும் எழுத்துக்கூடமும்

அரசவையும் சாலையும் ஒரு சிலர்க்கே திறந்திருந்தன. எளிய மக்கள் நூலைக் கண்டது கண்ணால் அன்று, செவியால். தென் திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டும் அம்மானையும் அப்பணியைச் செய்தன. அய்யா வைகுண்டர் (1809–1851) வழியினர் போற்றும் அகிலத்திரட்டு அம்மானை 1841ஆம் ஆண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது அவர்தம் மரபு. சாமித்தோப்பில் கார்த்திகைத் திங்களில் 17 நாள் நடைபெறும் திருஏடு வாசிப்பில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பர். இடையிடையே பொருள் விளக்கமும் நிகழும். மலையாள மொழி பேசுவோர் இல்லங்களில் கர்க்கடகத் திங்களில் எழுத்தச்சனின் இராமாயணத்தைப் படிக்கும் வழக்கமும் இதனோடு ஒப்ப நோக்கத்தக்கது. அண்டை வீடுகளில் இரு மொழியிலும் ஏடு ஒலித்த நிலம் அது.

அச்சு வந்ததும் இவ்வொலி புதிய வடிவம் பெற்றது. இலண்டன் மிசன் சங்கத்தின் சார்பில் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலில் பள்ளியும் அச்சுக்கூடமும் அமைத்தார். அவர் துணைவியார் 1819இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் பாறசாலையும் அச்சங்கத்தின் பணிக்களங்களுள் ஒன்றாயிற்று. திருவிதாங்கூர் மக்களைப் பற்றி விரிவாக எழுதிய சாமுவேல் மேட்டீர் அங்கே பணியாற்றியவரே. சமயப் பரப்பே அவர்தம் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எழுத்தறிவு அதுகாறும் எட்டாதிருந்த குடிசைகளுக்கும் அச்சிட்ட தாள் சென்று சேர்ந்தது.

சென்று சேர்ந்ததா என்றால், எல்லார்க்கும் சேரவில்லை. நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கவேண்டும் என்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். 1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். 1910களில் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியிற் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளிக்கூடமே எரிக்கப்பட்டது. எரிந்த பள்ளியில் எஞ்சிய பெஞ்சு ஒன்று அங்கே நினைவுச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது. அய்யங்காளி எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்புப் பெறாதவர். படிப்பின் அருமையை அவரினும் நன்கு அறிந்தவர் எவர்?

1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். ஊரூட்டம்பலத்தில் எரிந்தது ஓலைக்கூரையாக இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் எரிந்தது பெருமாளிகையாக இருக்கலாம். தீ வைத்தவரின் அச்சம் ஒன்றே. ஒருவன் தனியே படிப்பதை அவர்கள் அஞ்சவில்லை. பலர் ஒருங்கிருந்து படித்துப் பேசுவதையே அஞ்சினர்.

பேட்டையிற் கூடிய அவை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் இருமொழி அறிஞர்கள் கூடும் நகராக விளங்கிற்று. 1829ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் கண்ட நகரம் அது. 1876இல் பேட்டையில் இராமன்பிள்ளை ஆசான் 'ஞானப்பிரசாகரம்' என்னும் அவையை ஏற்படுத்தினார். அங்கே தமிழரும் மலையாளிகளுமாகிய கற்றோர் கூடி, தாம் பயின்ற நூல்களைப் பற்றியும் சமய தத்துவங்களைப் பற்றியும் உரையாடினர். தைக்காட்டு அய்யாவு சுவாமிகள், சுவாமிநாத தேசிகர், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆகியோர் அவ்வவையோடு தொடர்புடையோர். ஆசானின் மாணாக்கராகிய சட்டம்பி சுவாமிகள் அவ்வுரைகளைக் கேட்டு வளர்ந்தவர். தமிழ் நூற்பயிற்சி அவருக்கு வாய்த்தது இத்தகைய கூட்டுறவாலேயே ஆம்.

சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1897இல் மறைந்தவர். 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபை தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. அவர் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதி 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது. தமிழ்நாட்டின் எந்த மூலையில் விழா நடந்தாலும் முதலில் எழும் அப்பாடல், மலையாள நாட்டுத் தலைநகரில் வாழ்ந்த தமிழர் ஒருவர் ஆக்கியது என்பதை ஊர் பெயர்ந்து வாழும் நாம் பெருமிதத்துடன் நினைக்கலாம். அதே மனோன்மணீயத்தை 1922இல் செம்மையாகப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளையும் அந்நாளில் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவரே.

நாராயண குருவும் இச்சூழலின் பயனே. நெய்யாற்றின்கரைக்கு அண்மையில், நெய்யாற்றின் கரையிலேயே அமைந்த அருவிப்புறத்தில் 1888இல் அவர் சிவலிங்கம் நிறுவியது கேரளச் சமூக வரலாற்றின் திருப்புமுனை. அவர் தமிழிலும் பாடல்கள் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் ஆக்கினார்.

படித்தோர் கருத்து சட்டத்தையே மாற்றியமைத்த நிகழ்ச்சியும் இந்நிலத்தில் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடர்ந்து வெளிவந்தது. மருமக்களுக்கே சொத்துரிமை என்னும் வழக்கத்தால் மனைவி மக்கள் படும் துயரை நகையும் அழுகையும் கலந்து அது எடுத்துரைத்தது. அது எழுப்பிய பேச்சும் 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்கு வழி கோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

எழுத்துக்கு விலை கொடுத்தவரும் உண்டு. நெய்யாற்றின்கரையிற் பிறந்த கே. இராமகிருஷ்ண பிள்ளை (1878–1916) 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக இருந்து திவானின் ஆட்சியைக் கடிந்தெழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அவரை நாடுகடத்தும் ஆணை பிறந்தது; அச்சகமும் கைப்பற்றப்பட்டது. எல்லை கடத்தித் திருநெல்வேலிச் சீமையில் விடப்பட்ட அவர் மீண்டும் தம் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1912இல் கார்ல் மார்க்சின் வரலாற்றை மலையாளத்தில் எழுதி வெளியிட்டார். இந்திய மொழிகளில் மார்க்சைப் பற்றி வெளிவந்த முதல் நூல்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர்.

வாயனசாலை என்னும் ஊர்ச்சபை

அறிஞர் அவையில் இருந்த இப்பழக்கத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்த பெருமை பி. என். பணிக்கரைச் சாரும். நீலம்பேரூரில் 1909இல் பிறந்த இப்பள்ளியாசிரியர், 1945ஆம் ஆண்டில் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளரைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தோற்றுவித்தார். மொழிவழி மாநிலம் அமைந்தபின் அது கேரள கிரந்தசாலா சங்கமாக விரிந்தது. வெள்ளிவிழாவை ஒட்டித் தெற்கே பாறசாலைக்கும் வடக்கே காசர்கோட்டுக்கும் இடையே நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. படித்து வளர்க என்பதே அதன் முழக்கம். 1975இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் க்ருப்ஸ்கயா விருது அச்சங்கத்துக்குக் கிட்டியது. பணிக்கர் மறைந்தது 1995 சூன் 19. அந்நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகிறது.

மலையாளத்தில் வாயனசாலை என்று வழங்கும் இச்சிற்றூர் நூலகங்களின் இயல்பைச் சிறிது விளக்குதல் தகும். ஊரார் சிலர் சேர்ந்து ஓர் அறையையோ திண்ணையையோ பெறுவர். வீடு வீடாகச் சென்று நூல்களும் பணமும் திரட்டுவர். செயற்குழு ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். அரசின் மானியம் பின்னரே வரும். காலையில் செய்தித்தாள் வந்ததும் எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்க, அறியாதவர் சுற்றி அமர்ந்து கேட்பர். மாலையில் நூல் மாற்றிக் கொள்ள வருவோர் திருப்பித் தரும் நூலைப் பற்றி ஓரிரு சொல்லேனும் சொல்லாமல் போவதில்லை. எந்நூல் எவர் கைக்குச் சென்றது என்பதைக் காட்டும் பதிவேடே ஊரின் சுவையை அளக்கும் கருவி. ஆண்டுவிழாவில் நாடகமும், அவ்வப்போது நூலாய்வுக் கூட்டமும் நடைபெறும். சுவீடன் நாட்டில் 1902இல் ஆஸ்கார் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டங்களும் ஏறத்தாழ இம்முறையினவே. ஆசிரியரின்றி எளிய தொழிலாளர் கூடி ஒரு நூலைப் படித்து விவாதிப்பதே அவற்றின் நெறி.

தமிழகத்தின் வழி வேறு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் நூலகம் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் மாநில அளவில் அமைந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்படும் சிறு தொகையால் நூலகங்கள் நடைபெறும் ஏற்பாட்டை அது செய்தது. கேரளத்துக்கு அத்தகைய பொதுச்சட்டம் 1989இல் வந்தது. ஆக ஒரு மாநிலத்தில் சட்டம் முன்னே வந்து நூலகத்தைத் தந்தது. மற்றொன்றில் ஊரார் முன்னே நின்று நூலகம் கண்டனர், சட்டம் பின்னே வந்தது. முன்னதில் நூல் தட்டாமற் கிடைக்கும். பின்னதில் பேச்சுத் தட்டாமற் கிடைக்கும். களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியர் இவ்விரு முறைகளின் நிறைகுறைகளையும் ஒருங்கே காண முடிந்தது.

எல்லை பெயர்ந்த நாள்

1956 நவம்பர் முதல் நாள் இந்நிலத்தின் வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள். மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தின் பயனாகத் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அவர்கள் கோரிய நெய்யாற்றின்கரையும், தேவிகுளம், பீர்மேடு ஆகியனவும் கேரளத்திலேயே நின்றன. நாமோ பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்தோம். பாறசாலைத் தமிழரோ இருந்த இடத்திலேயே இருந்தனர், எல்லைதான் பெயர்ந்தது.

பெயர்ந்த எல்லை பலவற்றைப் பிரித்தது. கள்ளிக்காட்டு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்து வந்தது. 2004இல் அந்நீர் நிறுத்தப்பட்டது. நீரைப் போலன்றி, எழுத்து எல்லையைக் கடந்து செல்ல மதகு எதுவும் தடையாக இல்லை. ஆனால் அதனைப் பருகக் கற்றவர் தொகை குறையலாயிற்று. பிள்ளைகள் மலையாளப் பள்ளியிற் பயின்றனர்; தமிழ் வீட்டுப் பேச்சாக நின்றது. சிறுபான்மையோர் குழந்தைகளுக்குத் தொடக்கக்கல்வி தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு மடல் போக்குவரவு செய்ய 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. இவை போற்றத்தக்க உரிமைகளே. ஆயினும் விண்ணப்பம் எழுதும் உரிமை வேறு, கதை படிக்கும் பழக்கம் வேறு. முன்னதை ஆணையால் வழங்கலாம். பின்னதை வீட்டாரும் ஊராரும் சேர்ந்துதான் வளர்த்தல் இயலும்.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த நாளை நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவு கூர்வர். இதழ் வந்ததும் யார் முதலிற் படிப்பது என்பதில் வீட்டுக்குள் போட்டி. படித்தபின் அடுத்த வாரம் என்ன நிகழும் என்று கிணற்றடியிலும் அடுக்களையிலும் வாதம். முடிந்தபின் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து நூலாக்கி உறவினர் வீடுகளுக்கு அனுப்புதல். பெண்களும் ஒப்ப இருந்து பேசிய இலக்கிய அவை அதுவே. அன்று அவ்வாறு பேசிய தாய்மாரின் பேரப்பிள்ளைகள் அந்நூலையே எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதிருந்தால், இழப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இது எல்லைப்புறத்துக்கு மட்டும் உரிய இழப்பா? நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது.

இரு கரையும் கண்ட எழுத்தாளர்

எனினும் அந்நிலத்தின் வரலாறு நம்மைச் சோர்வடைய விடுவதில்லை. சுந்தர ராமசாமி (1931–2005) இளமையிற் கோட்டயத்தில் வளர்ந்து மலையாளம் கற்றவர். ஏறத்தாழ 18 வயதளவில்தான் தமிழைப் படிக்கக் கற்றார். புதுமைப்பித்தனின் கதைகள் அவரைத் தமிழின்பால் ஈர்த்தன. அப்புதுமைப்பித்தன் 1948 சூன் 30ஆம் நாள் மறைந்ததும் திருவனந்தபுரத்திலேயே. 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டு வந்தே சுந்தர ராமசாமி எழுத்துலகில் அடியெடுத்து வைத்தார். பின்னர்த் தகழியின் 'செம்மீன்' நாவலைத் தமிழாக்கினார். நாகர்கோவிலில் 'காகங்கள்' என்னும் பெயரில் நண்பர்களைக் கூட்டி, படைப்புகளைப் படித்து விவாதிக்கும் கூட்டங்களையும் நடத்தினார். பதினெட்டு வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கியவர் ஒரு தலைமுறையின் உரைநடைக்கு வழிகாட்டி ஆனார் எனில், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டது என்று நாம் கைவிடுதல் எவ்வாறு பொருந்தும்?

அவர் ஒருவரே அல்லர். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாளவழிக் கல்வி பயின்றவர். தமிழில் எழுதி, 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் 'புத்தம் வீடு' என்னும் நாவலைத் தமிழில் தந்தார். அவ்வூரிலேயே ஆங்கிலப் பேராசிரியராக இருந்த நகுலன் 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பைக் கொண்டு வந்தார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' வெளிவந்ததும் அவ்வாண்டே. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன், பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' என்று தமிழில் ஆக்கினார்.

இவர்களிடம் பொதுவாக ஒன்று உண்டு. பயின்ற மொழி அல்லது பிழைப்புக்கான மொழி வேறாக இருந்தபோதும், பேசிப் பகிர்ந்த மொழி தமிழாக இருந்தது. மலையாளத்திற் படித்ததைத் தமிழிற் சொன்னார்கள். ஆங்கிலத்திற் கற்பித்துத் தமிழில் எழுதினார்கள். பவணந்தியாரின் கணக்கை ஈண்டு நினைவு கூர்தல் தகும். காற்பங்கு எம்மொழியில் வந்தாலும் முக்காற்பங்கு தமிழில் நிகழ்ந்தது.

நாம் செய்யத்தக்கது

இதிலிருந்து நம் சங்கத்துக்கு ஒரு வழி புலப்படுகிறது. பொங்கலுக்கும் சித்திரைக்கும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். இவற்றோடு திங்களுக்கு ஒரு நாள், ஏதேனும் ஓர் உறுப்பினர் இல்லத்தில், பத்துப் பேர் கூடினாலும் போதும், ஒவ்வொருவரும் தாம் அத்திங்களிற் படித்த நூலொன்றைப் பற்றிச் சில மணித்துளி பேசும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தாம் படித்த கதையைச் சொல்லட்டும். சொல்வது மட்டும் தமிழில் இருக்கட்டும். இல்லத்தரசியர் வார இதழ்த் தொடரைப் பற்றிப் பேசட்டும். அதனைத் தாழ்வாக எவரும் கருதலாகாது. நூல் பிடிக்கவில்லை என்பவர் அதனையும் தயங்காது சொல்லட்டும். பார்த்திவபுரத்துச் சாலை வகுத்தது போலக் கடுஞ்சொல் ஒன்றே விலக்கு. இன்னார்தாம் அமரலாம் என்னும் வரம்பும் வேண்டா. அய்யங்காளி எதற்காகப் போராடினார் என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழெழுத்தே அறியாத பிள்ளை தமிழிற் பேசினாற் போதுமா என்று சிலர் வினவலாம். போதாது என்பதே விடை. சங்க நூல்களும் குறளும் கம்பனும் எழுத்து வழியேதான் நம் கைக்கு வரும். செவி வழியாக மட்டும் அவற்றை முழுதும் அடைதல் அரிது. ஆயினும் எழுத்தின்மேல் வேட்கை எழுவதற்கு ஒரு காரணம் வேண்டும். மூத்தவர் ஒருவர் தாம் படித்த கதையைச் சுவைபடச் சொல்லி, எஞ்சியதை நூலிற் காண்க என்று நிறுத்தும்போதுதான் அந்த வேட்கை பிறக்கிறது. அரிச்சுவடியை முதலில் முடித்துவிட்டுக் கதைக்கு வருக என்று நாம் ஆணையிடுகிறோம். சுந்தர ராமசாமிக்கோ கதையின்பால் எழுந்த ஈர்ப்பே அரிச்சுவடிக்கு வழிகாட்டிற்று.

அதங்கோட்டாசான் வினவினார், தொல்காப்பியர் விடை கூறினார், தமிழுக்கு ஓர் இலக்கணம் நிலைபெற்றது. வினவுவதற்கு ஓர் ஆசான் எந்த வீட்டிலும் இருக்கலாம். நம் சங்கத்து உறுப்பினர் இருவர் பேருந்து நிறுத்தத்திலோ சந்தையிலோ காணும்போது, மாற்றல் ஆணையையும் அகவிலைப்படியையும் பற்றிப் பேசி முடித்தபின், "இப்போது என்ன நூல் படிக்கிறீர்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்பாராக. கேட்கப்படும் என்று அறிந்தால் படிக்கத் தோன்றும். படித்தால் சொல்லத் தோன்றும். சொல்வதைக் கேட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பர்.